ஏடா... நிறுத்தடா!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் பஸ் ஜன்னலில் தெரியும் வெள்ளைக் குவியல்கள்தான். கேமராவை எடுப்பதற்குள் ஊர் தாண்டிவிடும். அந்தக் குவியல்களுக்குப் பின்னால் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன. 25, 29.

உப்புத் தண்ணீரின் அடர்த்தியை அளக்க 'போமே' என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரில் ஓர் அளவுகோல் உண்டு. சாதாரணக் கடல் நீர் அதில் 3 டிகிரி சொச்சம். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவைத்துக் கொண்டே போனால் அடர்த்தி ஏறும். ஏறக்குறைய 25 டிகிரியைத் தொட்டதும் சாப்பாட்டு உப்பு படிய ஆரம்பிக்கும். 'சரி, இன்னும் கொஞ்சம் காயட்டும்' என்று பேராசைப்பட்டு விட்டுவைத்தால் 29, 30 என்று ஏறும். அப்போது மக்னீசியம் உப்புகளும் வந்து சேர்ந்துகொள்ளும். உப்பு கசக்கும், ஈரம் கோத்துக்கொள்ளும். ஆகவே 29-ஐ நெருங்கும்போதே மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். 25-க்குக் கீழே உப்பு இல்லை. 29-க்கு மேலே நல்ல உப்பு இல்லை. உப்பளத்தில் காலம் கழித்தவர்களுக்குத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இந்த எல்லை தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

அதற்கு எண் என்றால் வெறும் எண். உப்பின் டிகிரி, உங்கள் வயது, பேங்க் பாலன்ஸ் எல்லாமே அதற்கு ஒன்றுதான். தண்ணீரின் அடர்த்தி மைனஸ் 40 என்று கொடுத்தாலும் பல கம்ப்யூட்டர் மொழிகள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனால், ஒரு மொழி முதலிலேயே கறாராகக் கேட்கும். 'இந்த எண் எங்கே ஆரம்பித்து எங்கே முடிய வேண்டும், சொல்லுங்கள். அதைத் தாண்டினால் நான் விடமாட்டேன்.' அப்படிக் கேட்பதையே குணமாகக் கொண்டு பிறந்த மொழி அது. பெயர், 'ஏடா'.

(தமிழில் 'ஏடா' என்றால் 'அடேய்' மாதிரி. ஆனால் இது ஒரு சீமாட்டியின் பெயர். மரியாதை முக்கியம்!)

ஒரு பொம்மையை வைத்துச் சொன்னால் விஷயம் சட்டென்று புரியும். பொழுதுபோக்கு ரோபாட் கை ஒன்று உண்டு. கிட்டாக வாங்கி வந்து வீட்டிலேயே ஸ்க்ரூ முடுக்கிச் செய்துகொள்ளலாம். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், அடியில் சுழலும் பீடம் என்று ஐந்து மோட்டார்கள். நுனியில் ஒரு குட்டி விளக்கு. வயிற்றில் நாலு பெரிய பேட்டரி. யு.எஸ்.பி. வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் சொன்ன பேச்சு கேட்கும்.

யு.எஸ்.பி. என்பதே 1996 ஜனவரியில் வெளிவந்த ஏற்பாடுதான். அதற்கு முன் பிரின்ட்டருக்கு ஒரு துளை, மௌஸுக்கு ஒரு துளை, கீபோர்டுக்கு ஒரு துளை என்று கம்ப்யூட்டரின் முதுகு சல்லடையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்று கொண்டுவந்த இன்டெல் குழுவின் முக்கியப் புள்ளி அஜய் பட், பரோடாவில் படித்த நம்மூர்க்காரர். யு.எஸ்.பி.யில் செருகும் ஒவ்வொரு சாமானும், 'நான் இந்தக் கம்பெனி, இந்தச் சரக்கு' என்று இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் ஆளை அடையாளம் காண்கிறது.

அடையாளம் கண்டபிறகு அந்தக் கைக்கு அனுப்ப வேண்டியது மூன்றே மூன்று பைட். ஒரு மோட்டாருக்கு இரண்டு பிட். 01 என்றால் ஒரு பக்கம் சுற்று. 10 என்றால் மறுபக்கம். 00 என்றால் நில். நாலு மோட்டாருக்கு எட்டு பிட், ஆக ஒரு பைட் தீர்ந்தது. இரண்டாவது பைட்டில் பீடம். மூன்றாவதில் விளக்கு. அவ்வளவுதான் மொத்த சமாசாரமும்!

இதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, 11 என்று அனுப்பினால்? ஒரே மோட்டாரை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் சுற்றச் சொல்வதாகும். பெரும்பாலான மொழிகளில் அப்படி ஓர் அபத்தத்தை எழுதத் தடையே கிடையாது. ஏடாவில் 'நில், முன்னே, பின்னே' என்று மூன்று சொற்களை மட்டும் அறிவித்து, அவற்றுக்கு 0, 1, 2 என்று எண் கொடுத்துவிடலாம். இந்தச் சொல் இத்தனையாவது பிட்டில் உட்கார வேண்டும் என்றுகூட மொழிக்குள்ளேயே இடம் ஒதுக்கலாம். நாலாவது சொல் கிடையாது. ஆகவே, அந்த அபத்தத்தை எழுத வாயே இல்லை. எழுத முயன்றால் புரோகிராம் ஓடுவதற்கு முன்பே வாத்தியார் மாதிரி பிரம்பை எடுத்துவிடும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. அந்தக் கைக்குக் கண் இல்லை, தொடு உணர்ச்சி இல்லை. தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. 'சுற்று' என்று சொன்னால் 'நில்' என்று சொல்லும்வரை சுற்றும். நடுவில் உங்கள் புரோகிராம் மயங்கி விழுந்துவிட்டால், கடைசியாகச் சொன்ன கட்டளையைப் பிடித்துக்கொண்டு பல்சக்கரம் கறகறவென்று கத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே, கெட்டிக்காரத்தனமான புரோகிராம் என்பது கையை அழகாக ஆட்டுவது அல்ல. என்ன நடந்தாலும், எங்கே தடுக்கி விழுந்தாலும், சாகும் முன் ஒரு '00' அனுப்பிவிட்டுச் சாவது. 'விபரீதம் நடந்தால் இதைச் செய்' என்று தனியாக ஒரு பகுதி எழுதிவைக்கும் வசதி ஏடாவில் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

பொம்மைக் கைக்கு இது போதும். அந்தக் கைக்குப் பதிலாகப் போர் விமானத்தின் இறக்கையோ, ராக்கெட்டின் வாலோ இருந்தால்? அந்தக் கதைக்கு வருமுன், அந்தச் சீமாட்டி யார் என்று பார்த்துவிடலாம்.

ஏடா லவ்லேஸ் பிறந்தது 1815, டிசம்பர் 10, லண்டனில். அப்பா, ஊரே கொண்டாடிய, ஊரே ஏசிய கவிஞர் லார்ட் பைரன். குழந்தை பிறந்த ஒரு மாதத்தில் தாய் அதைத் தூக்கிக்கொண்டு பிறந்தகம் போய்விட்டார். அப்பாவை மகள் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. 'கவிதைக் கிறுக்கு பெண்ணுக்கும் தொற்றிவிடக்கூடாது' என்று பயந்த அம்மா, கணக்கை மருந்தாகப் புகட்டினார். மருந்து நன்றாகவே வேலை செய்தது!

17 வயதில் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார் ஏடா. பாபேஜ் பித்தளைச் சக்கரங்களால் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைக் கனவு கண்டுகொண்டிருந்த ஆசாமி. பிறகு அவர் வடிவமைத்த இன்னும் பெரிய இயந்திரத்துக்கு யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? தறியிலிருந்து. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி வைத்து, ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து டிசைன் போடுகிறார்களே, அதே பிரெஞ்சுக்கார ஜக்கார்டின் அட்டைதான். ஓட்டை அட்டை நூலுக்குக் கட்டளையிடுவது போல எண்களுக்கும் கட்டளையிடட்டுமே என்றார் பாபேஜ்.

அந்த இயந்திரத்தைப் பற்றி இத்தாலியரான மெனப்ரியா எழுதிய கட்டுரையை 1843-ல் ஏடா மொழிபெயர்த்தார். மூலத்தைவிட அவர் சேர்த்த குறிப்புகள்தான் நீளம். பெர்னூலி எண்களை அந்த இயந்திரம் எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று அதில் படிப்படியாக ஓர் அட்டவணை போட்டார். உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று பலரும் சொல்வது அதைத்தான். எண்களை மட்டுமல்ல, விதிகளுக்குள் அடக்க முடிந்தால் இசையைக்கூட இந்த இயந்திரம் கையாளும் என்றும் யோசித்திருந்தார். இயந்திரம் கடைசிவரை கட்டி முடிக்கப்படவில்லை. ஏடா 1852-ல் இறந்தார். வயது 36. அப்பா பைரன் இறந்ததும் அதே 36-ல்!

இப்போது கதை நம் பக்கம் திரும்புகிறது.

ஏடாவின் மகள் ஆன். அரேபியப் பாலைவனத்தில் குதிரை தேடி அலைந்த தைரியசாலி. கணவர் வில்ஃப்ரிட் ஸ்காவன் பிளன்ட், பிரிட்டிஷ்காரராக இருந்துகொண்டே பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைத் திட்டித் தீர்த்தவர். அயர்லாந்து விவகாரத்தில் சிறைக்கே போனவர். இந்தத் தம்பதி 1883-ல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தார்கள். சென்னை, ஹைதராபாத், கல்கத்தா என்று சுற்றினார்கள்.

அப்போது உப்பு அரசாங்கத்தின் சொத்து. மதராஸ் மாகாணத்தில் 1805-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. மரக்காணம் மாதிரி ஊர்களில் கடலும் வெயிலும் சும்மா கொடுக்கும் சரக்குக்கு சர்க்கார் விலை வைத்தது. 1876 முதல் 1878 வரை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியெடுத்தது. பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னையில் வெட்டிய கால்வாய்த் துண்டுதான் வடக்கையும் தெற்கையும் இணைத்து, காக்கிநாடாவிலிருந்து மரக்காணம்வரை பக்கிங்ஹாம் கால்வாயை முழுசாக்கியது. கஞ்சிக்காக மண் சுமந்தார்கள் மக்கள். அந்தக் காலத்து வைஸ்ராய் லார்ட் லிட்டன். பஞ்சத்தின் நடுவே, 1877 ஜனவரி 1-ம் தேதி, டெல்லியில் தர்பார் நடத்தினாரே... அவரேதான். மதராஸில் மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த உப்பு வரியை 2 ரூபாய் 8 அணாவாக ஏற்றியதும் அவருடைய ஆட்சியே. 1882-ல் ரிப்பன் பிரபு வந்துதான் அதை 2 ரூபாயாகக் குறைத்தார்.

ஏடாவின் மருமகன் பிளன்ட், தக்காணத்துக் கிராமங்களில் பார்த்ததை 1885-ல் புத்தகமாக எழுதினார். அங்கே உப்பு பூமியிலேயே பூத்துக் கிடக்கிறது. ஆனால் குடியானவன் தொடக்கூடாது. ராத்திரியில் திருட்டுத்தனமாக மாட்டை ஓட்டிப்போய் நக்கவிடுகிறார்கள். பிடிபட்டால் மாடு பட்டிக்குப் போகிறது. தரையில் கிடக்கும் உப்பைக் குவித்து அழித்துவிடும்படி போலீஸுக்கு உத்தரவு. மாடு உப்பை நக்கினால் குற்றம் என்று வரி போட்ட சர்க்காரை அந்தப் புத்தகம் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. காந்தி தண்டியில் உப்பெடுத்ததும், ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பெடுத்ததும் அதற்கு 45 வருஷம் கழித்து, 1930-ல். வரி ஒழிந்தது 1947-ல்.

சரி, இதற்கும் கம்ப்யூட்டர் மொழிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சம்பந்தி உறவே இருக்கிறது!

1970-களில் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு தலைவலி. ஏவுகணைக்கு ஒரு மொழி, கப்பலுக்கு ஒரு மொழி, ரேடாருக்கு ஒரு மொழி என்று சுமார் 450 கம்ப்யூட்டர் மொழிகளும் கிளைமொழிகளும் புழக்கத்தில் இருந்தன. ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியாது. 1975-ல் குழு போட்டு, 'எங்களுக்கு என்ன வேண்டும்' என்று பட்டியல் தயாரித்தார்கள். பட்டியல்களுக்கு வைத்த பெயர்கள் வேடிக்கையானவை: வைக்கோல் மனிதன், மர மனிதன், தகர மனிதன், இரும்பு மனிதன், கடைசியாக எஃகு மனிதன்! போட்டிக்குத் தேர்வான நாலு அணிகளின் பெயர் தெரியக்கூடாது என்று பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என நிறம் கொடுத்தார்கள். 1979-ல் ஜெயித்தது பச்சை. அமெரிக்க ராணுவத்தின் மொழியை வடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ழான் இக்பியா.

பெயர் வைக்க வேண்டுமே. ஏடாவின் பெயரை வைக்கலாம் என்று முடிவாகி, வாரிசிடம் அனுமதி கேட்டார்கள். அந்த வாரிசு யார் தெரியுமா? லார்ட் லிட்டன்! அதாவது ஏடாவின் மகள் ஆன் பிளன்ட்டின் மகள் ஜூடித், வைஸ்ராய் லிட்டனின் மகன் நெவிலைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்களின் மகன்தான் 4-வது லிட்டன் பிரபு. உப்பு வரியை ஏற்றியவருக்கும் அதைச் சாடியவருக்கும் ஒரே பேரப்பிள்ளைகள். சரித்திரம் சில சமயம் சினிமா கதாசிரியரையும் மிஞ்சிவிடுகிறது.

1980, டிசம்பர் 10... ஏடாவின் பிறந்த நாளிலேயே ராணுவத் தர நிர்ணயமாக மொழி ஏற்கப்பட்டது. அந்த ஆவணத்தின் எண் 1815. அவர் பிறந்த வருஷம்!

எல்லை கட்டும் மொழி வந்துவிட்டது. ஆபத்து ஒழிந்ததா? 1996, ஜூன் 4-ம் தேதி தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. நாற்பது விநாடிகூட ஆகவில்லை. திடீரென்று திசை மாறி, உடைந்து, தன்னைத்தானே வெடித்துக்கொண்டது. உள்ளே இருந்த நாலு விஞ்ஞான செயற்கைக்கோள்களும் தூள்.

மென்பொருள் ஏடாவில்தான் எழுதப்பட்டிருந்தது. முந்தைய ஏரியான் 4-ல் ஒழுங்காக வேலை செய்த பகுதியை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட் பக்கவாட்டில் அதிக வேகம் எடுக்கும். அந்த வேகத்தைச் சார்ந்த ஒரு பெரிய எண்ணை 16 பிட் டப்பாவில் அடைக்கப் பார்த்தது புரோகிராம். அந்த டப்பா 32,767-க்கு மேல் தாங்காது. 'எல்லை தாண்டிவிட்டது!' என்று ஏடா கத்தியது. கத்தினால் என்ன செய்வது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஏழு எண்களில் நாலுக்குப் பாதுகாப்புப் போட்டு, 'இந்த மூன்றும் எல்லை தாண்டவே தாண்டாது' என்று விட்டிருந்தார்கள், கம்ப்யூட்டரின் வேலைப் பளுவைக் குறைக்க. மாற்று ஏற்பாடாக இருந்த இரண்டாவது கருவியிலும் அதே புரோகிராம். அதுவும் அதே காரணத்தால் படுத்தது. இதில் பெரிய சோகம், அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லை!

பாத்தியில் 29-ஐத் தாண்டியது என்று மணி அடித்தால் போதாது. மடையைத் திறக்க ஆள் இருக்க வேண்டும்.

இந்தியாவின் கதை இன்னும் சுவாரஸ்யம். பெங்களூரில் 1984-ல் தொடங்கிய விமான மேம்பாட்டு முகமையின் ஆங்கிலச் சுருக்கமும், தற்செயலாக, ஏ.டி.ஏ.தான்! அவர்கள் செய்த இலகு ரக போர் விமானம் வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைக்கப்பட்டது. சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக. கையை விட்டால் கவிழும் சைக்கிள் மாதிரி. விமானியின் கை மட்டும் போதாது. நாலு மடங்குப் பாதுகாப்புள்ள கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்று ஓயாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரின் மென்பொருளை ஏடாவில் எழுதினார்கள்.

1998, மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தோம். அமெரிக்கா தடை விதித்தது. அங்கே இந்த வேலைக்காகப் போயிருந்த நம் இன்ஜினீயர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கருவிகளும் கிடைக்கவில்லை. மிச்சத்தை இங்கேயே உட்கார்ந்து முடித்தார்கள். 2001, ஜனவரி 4-ம் தேதி ராஜீவ் கோத்தியால் அந்த விமானத்தை முதன்முறையாக மேலே கொண்டுபோய், 18 நிமிடம் பறந்து, பத்திரமாக இறக்கினார். 2003-ல் 'தேஜஸ்' என்று பெயர் சூட்டினார் வாஜ்பாய். 2018-ல் முதல் தேஜஸ் படைப்பிரிவு கோவை அருகே சூலூருக்கு வந்தது. 2020-ல் அங்கேயே இரண்டாவது பிரிவு. தேஜஸின் முதல் விபத்து 2024 மார்ச்சில்தான். 2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் இன்னொன்று விழுந்து விமானி உயிரிழந்தார். மொழி எதுவானாலும் ஆகாயத்தில் நூறு சதவிகித உத்தரவாதம் யாராலும் தர முடியாது.

அமெரிக்க ராணுவம், 'ஏடாவில்தான் எழுத வேண்டும்' என்ற கட்டாயத்தை 1997-ல் கைவிட்டது. இப்போது கல்லூரிகளில் கேட்டால் பல மாணவர்களுக்கு இப்படி ஒரு மொழி இருப்பதே தெரியாது. ஆனால், பாரிஸில் டிரைவர் இல்லாமல் ஓடும் மெட்ரோவின் 14-ம் தடத்திலும், போயிங் 777 விமானத்திலும் ஏடா சத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'நாட்' என்ற கம்பைலர் இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரண கம்ப்யூட்டர், ஒரு யு.எஸ்.பி. வயர், நாலு பேட்டரி, ஒரு பொம்மைக் கை... போர் விமானத்தைப் பிடித்து நிறுத்திய அதே மொழியை ஒரு பிளஸ் டூ மாணவர் மேஜைமேல் வைத்துப் பழகலாம்.

பழகுகிறவர்கள் கையை ஆடவைப்பதில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் வயரை இணைத்து, 'நில்' என்ற ஒரு கட்டளையை மட்டும் எழுதிப் பாருங்கள். பிறகு புரோகிராமை வேண்டுமென்றே நடுவில் தடுக்கி விழச்செய்து, அப்போதும் கை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் ஆட்டலாம். நாளைக்கு உப்பு வாரும் இயந்திரம் வரலாம், ஆபரேஷன் செய்யும் கை வரலாம், பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கக்கூடும். அவர் நம்பி நிற்பது அந்த இரண்டு பூஜ்யங்களைத்தான்.